கீழ்ப்பக்கத்துக் குதிரை

எங்கள் கட்டடத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் முதல் நாள் மிட்டாய்க் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பார்கள். நாங்கள் கண்டும் காணாததுபோல் இருப்போம். கடைசியில் அது அவர்கள் பைக்குள் போய்விடும். வெளியிலிருந்து கொண்டுவந்ததை வெளியே கொண்டுபோ, உள்ளே இருப்பது உள்ளேயே சுற்றட்டும், அவ்வளவுதான் சட்டம். என் கைப்பையைக் கவிழ்த்தால் ஒரு மாதத்துப் பஸ் டிக்கெட் கொட்டும். "உங்க ஆபீஸ்ல துண்டு மரத்துக்குக்கூட அடுத்த பிறவி இருக்கு, எனக்கு இந்தப் பிறவியிலயே ஒரு டீ கிடைக்க மாட்டேங்குது" என்பார் என் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும். டீ போடத் தெரியாத கையா அவருக்கு?

நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான மரச்சாமான்கள். கட்டில், மேசை, நாற்காலி. எதையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுப்போம். குழந்தை வளர்ந்ததும் திரும்ப வாங்கிப் பிரித்து, இழைத்து, எண்ணெய் பூசி, இன்னொரு வீட்டுக்கு அனுப்புவோம். அதனால் பசை கூடாது, பெயின்ட் கூடாது, இரும்பு ஆணி கூடாது. எல்லாம் மர முளையிலேயே நிற்கும். சின்ன மரச் சுத்தியலால் பக்கத்தில் தட்டினால் போதும், நாலு நிமிடத்தில் நாற்காலி எட்டுத் துண்டாகக் கழன்று மேசையில் படுத்துக்கொள்ளும்.

அந்த நாற்காலியை வடிவமைத்தது நான். பெருமைதான், இதில் என்ன மறைப்பது? உட்காரும் பலகை முப்பது மில்லிமீட்டர் கனம். ஒரு குழந்தையைத் தாங்கப் பதினெட்டு போதும். மீதிப் பன்னிரண்டும் இனிமேல் வரப்போகிற குழந்தைகளுக்கு. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் மேலே அரை மில்லி, கீழே அரை மில்லி இழைத்து எடுப்போம். பால் சிந்திய கறை, பல் பதிந்த தடம், கிரேயான், எல்லாம் சுருள் சுருளாகப் போய்விடும். பலகை மறுபடி பச்சை மரம்போல மணக்கும். பன்னிரண்டு முறை இழைத்த பிறகு அது சாய்வுப் பலகையாகும், அப்புறம் குறுக்குச் சட்டம், அப்புறம் முளை. சுருள்களை அழுத்தி அட்டை செய்வோம். மிஞ்சும் தூள் காளான் வளர்க்கிற ஒரு பெண்ணின் சாக்குக்குப் போகும்.

மத்தியானத்தில் இழைப்புக்கூடத்தில் போய் உட்கார்வது என் பழக்கம். உயரத்தில் ஜன்னல்கள். வெயில் சாய்வாக இறங்கும்போது மரத்தூள் விழவும் மாட்டாமல் எழவும் மாட்டாமல் அந்தரத்தில் நிற்கும். அடுக்கி வைத்த பலகைகள்மேல் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். அப்போது எனக்கு ஒன்று தோன்றும். ஊரிலுள்ள நாற்காலிகள் எல்லாம் மெல்ல எழுந்து, கால் சத்தம் கேட்காமல், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்துபோகும். கதவுகள் திறந்தே இருக்கும். போகிற வழியில் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துக்கொள்ளும். யாரும் எதையும் தொலைக்க மாட்டார்கள். அப்படி ஒரு ஊரில் நான் இருப்பேன், வேலை நேரத்தில், வாயைத் திறந்தபடி.

நாற்காலியின் உயரத்தை மட்டும் நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அதை என் அக்கா மகளிடமிருந்து எடுத்தேன். மிளகு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது கறுப்பாக, உருண்டையாக, காதுக்கு உறைக்கிற அழுகையோடு இருந்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு இரண்டு வயதானபோது சுவரோரம் நிற்கவைத்து முழங்காலுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டேன். எங்கே நின்றாள்! "கூசுது சித்தி, கூசுது" என்று சுவரிலேயே புழுபோல நெளிந்தாள். அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் சேர்த்தேன். ஊரில் இன்று இருக்கிற அறுநூறு நாற்காலியும் அந்த உயரம்தான்.

முதல் தொகுதி தயாரானதும் ஒன்றாம் எண்ணை அவளுக்குக் கொடுக்கலாம் என்று கூட்டிவந்தேன். அவள் குவியலுக்குள் ஓடி ஒரு நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். இருநூற்றுப் பதினேழாம் எண். அதுதான் வேண்டுமாம், மற்றதெல்லாம் "அழுவுது"வாம். சரி தாயே, எடுத்துக்கோ என்று கொடுத்தேன். ஆனால் அதில் உட்கார்ந்தாளா? கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் அதற்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பாள். நாலு காலுக்கு நடுவில் அவள் வீடு. உட்காரும் பலகையின் அடிப்பக்கம் அவள் கூரை. நாங்கள் பேசுகிற பேச்செல்லாம் அங்கே படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இனிமேல் சொல்லப்போவது என் முட்டாள்தனம்.

நாற்காலியைத் திருப்பிக் கேட்கிற கடிதத்தையும் நான்தான் எழுதினேன். ஒரு நல்ல காலையில், நல்ல மனநிலையில், ஒரே மூச்சில். "வாழ்த்துகள்! உங்கள் குழந்தை வளர்ந்துவிட்டது. இந்த நாற்காலி இனி சிறியது. அடுத்த குழந்தை காத்திருக்கிறது." கீழே என் கையெழுத்து. அச்சடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். எந்தக் குழந்தைக்கு ஆறாவது பிறந்தநாள் வருகிறதோ அந்த வாரம் அது தானாக அந்த வீட்டுக்குக் கடிதம் அனுப்பிவிடும். எல்லோருக்கும் பிடித்த கடிதம் அது. சிலர் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பதாகக்கூடச் சொன்னார்கள்.

மிளகுக்கு ஆறு வயது வரவில்லை. ஐந்தரை வயதில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் போன மூன்றாவது வாரம், பட்டியலைத் திறந்து அவள் பெயர் இருந்த வரிக்கு வந்தேன். ஒரு விசையை அழுத்தினால் வரி அழிந்துவிடும், கடிதமும் போகாது. விரல் போகவில்லை. என் கையாலேயே அவளை அழிப்பதா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினேன். மறுநாளும் அப்படித்தான். பிறகு பட்டியல் பக்கமே போகவில்லை. வேறு யாரிடமாவது "நீ அழிச்சிடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. நான் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளும் வரை இயந்திரம் காத்திருக்குமா என்ன?

ஐந்து மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஹலோ" என்றேன். அவள் கடிதத்தைப் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பதுபோல். முடித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவ்வளவும் என்மேலேயே வந்தது. ஓடினேன். அக்கா வீட்டு வாசலிலேயே மாமா நின்று, "இப்ப வேணாம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் படியேறத் துணிச்சலில்லை. அப்புறம் ஒன்றரை வருடம் அக்கா என்னோடு பேசவில்லை. எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அந்த ஒன்றரை வருடத்தில் நான் இழைப்புக்கூடத்தில் கண்ணை மூடினால் நாற்காலிகள் நடக்கவில்லை. எல்லாம் அப்படியே அங்கங்கே நின்றன.

ஒரு நாள் என் மேசையில் ஒரு சீட்டு இருந்தது. நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரோ அலுவலகத்துப் பொது எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார்கள். எண் இருநூற்றுப் பதினேழு. வண்டிக்காரரிடம் போய், "இந்த வீட்டுக்கு நானும் வர்றேன்" என்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன் சீட்டில் கிடந்த கயிற்றையெல்லாம் எடுத்து எனக்கு இடம் பண்ணிக்கொடுத்தார்.

கதவைத் திறந்த அக்காவுக்கு முன்முடி வெளுத்திருந்தது.

"வண்டிக்காரர் வருவார்னு சொன்னாங்க."

"கீழ நிக்கிறார்க்கா. நான் தூக்கிட்டுப் போறேன்."

"ம்."

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை மூடவுமில்லை. அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். வெட்கம் பார்க்கிற நேரமா அது? ஆனால் ஒன்று சுருக்கென்று குத்தியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் என்னை வாடி, போடி, சொல்லுடி என்றுதான் பேசுவாள். திட்டினாலும் டி, கொஞ்சினாலும் டி. இப்போது அது இல்லை. தபால் கொடுக்க வந்தவளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

நாற்காலி ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஒரு காலுக்கு அடியில் காகிதம் ஒன்று மடித்துச் செருகியிருந்தது. குனிந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது, எங்கள் அலுவலகத்துத் தாள்.

"தரை அங்க கொஞ்சம் பள்ளம்" என்றாள் அக்கா. "ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமேக்கா."

"எங்க போடறது? எதையும் குப்பையில போடாதேன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தது நீதானே."

வாங்கிக்கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய? "மன்னிச்சிடுக்கா" என்றேன். எத்தனையோ நாள் கண்ணாடிக்கு முன்னால் பெரிதாகப் பேசிப்பார்த்தது, வாயிலிருந்து வரும்போது இவ்வளவாகச் சுருங்கிவிட்டது. அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"அதைத் திருப்பிப் பாரு."

திருப்பினேன். உட்காரும் பலகையின் அடியில் ஒரு படம். ஹேர்பின்னால் கீறியிருக்க வேண்டும். நீள உடம்பு, குச்சிக் கால் நாலு, தூக்கி நிற்கிற இரண்டு காது, ஒரு வால், சிரிப்பதுபோல ஒரு வாய். படுத்துக்கொண்டே கீறியதால் கோடெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த நாலு காலுக்கு நடுவில் அவள் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாள், எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"நாய் நல்லா போட்டிருக்கா" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"நாயா? குதிரை."

"அவ சொன்னாளா?"

"எங்க சொன்னா? போட்டிருக்கான்னே எனக்குத் தெரியாது. அப்புறமா ஒரு நாள் துடைக்கறதுக்குத் திருப்பினேன், அப்பத்தான் பார்த்தேன். ஆனா குதிரைதான்."

அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இதை அங்க கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

சொன்னேன். பொய் சொல்ல நா வரவில்லை. பிரிப்போம், மேலே அரை மில்லி, கீழே அரை மில்லி. அவள் குதிரையின் முதுகில் நகத்தை வைத்துப் பார்த்தாள். "இது எவ்வளவு ஆழம் இருக்கும்?"

அளக்கிற கருவி என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. "கால் மில்லி இருக்கும்க்கா."

கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. நகத்தை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா குடுக்கறே? நீயே வெச்சுக்கோ. ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்."

"ரெண்டு வருஷமா துடைச்சுத் துடைச்சு வெக்கறேன். ஒருத்தரும் உக்காரல. சின்ன நாற்காலி, யாரும் உக்காராம, அது பாட்டுக்கு வெயில்ல நிக்குது. என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல, பாக்காம இருக்கவும் முடியல. ஏதாவது ஒரு குழந்தை உக்காரட்டும். எடுத்துக்கிட்டுப் போ." எழுந்தவள், தரையில் கிடந்த கடிதத்தையும் எடுத்து என் கையில் வைத்தாள். "இதையும்."

வண்டியில் வரும்போது நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வண்டிக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, சிக்னல்களில் எல்லாம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இழைப்புக்கூடத்துக்கு மில்லி அண்ணன்தான் ராஜா. குடிக்கிற மில்லி இல்லை, மரத்தில் குறைக்கிற மில்லி. முப்பது வருடமாக இழைத்து இழைத்து, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாலும் மில்லியில் பதில் சொல்கிற ஆள். நாற்காலியைப் பிரித்து, பலகையை அவர் முன்னால் வைத்தேன்.

"மேல அரை, கீழ அரை. போட்டுரவா?"

"மேல ஒரு மில்லி எடுங்கண்ணே. கீழ வேணாம்."

கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"அங்க எழுதி ஒட்டினதும் நீங்கதானே? கொஞ்சம் படிங்க."

சுவரில் என் கையெழுத்தில் பெரிய தாள். இரண்டு பக்கமும் சமமாக இழைக்கவும். ஒரு பக்கம் மட்டும் இழைத்தால் பலகை வளையும். முந்தைய வீட்டின் தடம் எதுவும் மிஞ்சக் கூடாது.

"எனக்கே பாடம் எடுக்காதீங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் எல்லா இயந்திரமும் நின்றதுபோல் இருந்தது. அவர் கோபப்படவில்லை. காத்திருந்தார். நான் பலகையைத் திருப்பி வைத்தேன்.

கட்டைவிரலால் கோட்டோடு கோடாகத் தடவினார். "யாரு, நம்ம மிளகா?" அவருக்கு அவளைத் தெரியும். குவியலுக்குள் ஓடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டவளை வெளியே இழுத்துவந்தது அவர்தான். "நாய் நல்லா வந்திருக்கு."

"குதிரைண்ணே."

"ஓ." இன்னொரு முறை பார்த்தார். "இருக்கட்டும், இருக்கட்டும்."

பலகையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். "இயந்திரத்துல ஒரே வீச்சா ஒரு பக்கத்தை எடுத்தா வளையத்தான் செய்யும். மரத்தை அவசரப்படுத்தக் கூடாது. கையால இழைக்கறேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுருள். எடுத்துட்டு நிமித்தி வெச்சிருவோம், ரெண்டு பக்கமும் காத்துப் படட்டும். மறுநாள் இன்னொரு சுருள். அதுவே பழகிக்கும்."

"எத்தனை நாள்ண்ணே?"

"ஒரு மில்லி" என்றார்.

பத்து நாள் ஆனது. தினமும் மத்தியானம் அவர் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இழைப்புளியை எடுப்பார். நான் அடுக்கின் மேல் உட்கார்ந்திருப்பேன். ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். பலகையின் முழு நீளத்துக்கும் ஒரு சுருள் எழுந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, கீழே விழும். அவ்வளவு மெலிசு, அதன் வழியாக ஜன்னல் தெரியும். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ எனக்குக் கண் சொருகியது. மிளகு அந்தரத்தில் நின்ற தூளுக்குள்ளே மல்லாந்து படுத்திருந்தாள். "சித்தி, கூரையில கொஞ்சம் வெளிச்சம் வருது" என்றாள். "பரவால்லடா, நனைய மாட்டே" என்றேன். அவள் சரி என்று கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விழித்தபோது மில்லி அண்ணன் பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் இரும்பு அளவுகோலை மேலே வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு தலைமுடி நுழைகிற அளவுக்கு வெளிச்சம். அதற்குள்தான் வளைவு. "இது வளைவே இல்ல, மரம் மூச்சு விடுது" என்றார். நான் பேனாவை எடுத்துப்போய்ச் சுவரில் இருந்த தாளில் கடைசி வரியை அடித்தேன்.

கடிதத்தையும் மாற்றினேன். வாழ்த்தும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. "நாற்காலியின் தேவை முடிந்ததும் சொல்லுங்கள். அவசரமே இல்லை." அவ்வளவுதான். அதையும் இயந்திரம் அனுப்பக் கூடாது, முதலில் ஒரு ஆள் போன் செய்து குரலைக் கேட்க வேண்டும் என்று சண்டை போட்டேன். மேலாளரம்மா வேலை கூடுமே என்றார். கூடட்டும் என்றேன். முதல் ஒரு வருடம் அத்தனை போனையும் நானே செய்தேன்.

அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். "இழைச்சாச்சா?"

"ஆச்சுக்கா" என்றேன். மேலே இழைத்தது உண்மைதானே. குதிரை இருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் "இது என்ன, கீறல் விழுந்த நாற்காலி" என்று திருப்பி அனுப்பினால்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே விட்டால்? இருக்கிறது என்று சொல்லி, அப்புறம் போய்விட்டது என்று அவளிடம் போய் நிற்க என்னால் முடியாது. அவள் ஒரு முறை இழந்தது போதும்.

நாற்காலி போயிற்று. அக்கா மெல்ல மெல்லப் போன் எடுத்தாள். பிறகு வீட்டுக்கு வந்தாள். மரியாதையாக உட்கார்ந்து, மரியாதையாகச் சாப்பிட்டு, "வர்றேன்" என்று மரியாதையாகப் போனாள். என் கணவரிடம் சிரித்துப் பேசினாள். என்னிடம் "நல்லா இருக்கியா?" என்றாள். டி வரவில்லை. அந்த ஓர் எழுத்துக்காக மனுஷி ஏங்குவாளா என்று கேட்டால், ஏங்கினேன். வெட்கமில்லாமல் ஏங்கினேன்.

மூன்று வருடம் கழிந்தது. ஒரு மத்தியானம் மில்லி அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். கூடத்தை விட்டு வெளியே வராத மனிதர். வரச்சொல்லித் தலையை அசைத்துவிட்டு நடந்தார். பின்னாலேயே போனேன். மேசையில் ஒரு நாற்காலி எட்டுத் துண்டாகக் கிடந்தது. உட்காரும் பலகையை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

குதிரை இருந்தது. கோடுகள் கொஞ்சம் கறுத்து, முன்னைவிடத் தெளிவாக. அதன் வாய்க்கு நேரே, கீழிருந்து மேலாக, ஐந்து சின்னக் கோடுகள். வேறொரு கை. அழுத்தம் கூடின கை. புல்.

யாரோ ஒரு குழந்தை அதே நாலு காலுக்கு நடுவில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்து, இந்தக் குதிரைக்குப் பசிக்கும் என்று நினைத்திருக்கிறது.

அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். மில்லி அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் இழைப்புளியைத் துடைத்தார். "போய்க் காட்டிட்டு வாங்க" என்றார் சுவரைப் பார்த்து.

எங்கள் பொருள் எதுவும் துண்டாக வெளியே போகக் கூடாது. எனக்குத் தெரியாதா? பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பக்கத்துச் சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க அது, காய் வெட்டற பலகையா?" என்றார். "இல்லீங்க, குதிரை" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஊர் வெயிலில் மிதந்துகொண்டு போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் மிளகின் முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன, சொல்லாம கொள்ளாம?" என்றாள். நான் பலகையை அவள் மடியில் வைத்தேன், கீழ்ப்பக்கம் மேலே இருக்கும்படி.

பார்த்துக்கொண்டே இருந்தாள். "இழைச்சாச்சுன்னியே."

"மேல மட்டும்தான்க்கா."

விரல் மெதுவாக நகர்ந்தது. வால், முதுகு, காது, வாய். வாயைத் தாண்டிப் போய் அந்த ஐந்து கோட்டில் நின்றது. "இது அவ போடலியே?"

"இல்லக்கா. அடுத்த வீட்டுக் குழந்தை. யாருன்னு தெரியாது."

பட்டியலைப் பார்த்தால் தெரியும். நான் பார்க்கவில்லை.

அக்கா அழுதாள். மிளகு போனபோதுகூட நான் அவளை இப்படிப் பார்த்ததில்லை. வாய்விட்டு, சின்னப் பிள்ளைபோல், பலகையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். அவள் தள்ளிவிடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மடித்து வைத்திருந்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, பலகையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பார்த்தியாடி! புல்லு போட்டிருக்கு. நாய் புல்லு தின்னுமா? நான் அப்பவே சொல்லல, குதிரைதான்னு?"

நாலரை வருடம். அந்த ஓர் எழுத்து வந்துவிட்டது. ஆனாலும் இந்த வாய் இருக்கிறதே.

"மாடாவும் இருக்கலாம்க்கா."

"போடி!" என்று தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நன்றாக வலித்தது. இருவரும் சிரித்தோம், மறுபடி அழுதோம், எது எப்போது முடிந்து எது எப்போது தொடங்கியது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் இருந்த அந்தப் பள்ளத்துக்கு வந்தது. அக்கா பலகையின் கனத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை மில்லி இருக்கு?"

"பதினொண்ணு."

"அப்ப இன்னும் பதினோரு குழந்தைங்க."

"ஆளுக்கு நாலு வருஷம்னு வெச்சாலும் நாப்பத்தி நாலு வருஷம்க்கா. நாம இருப்போமோ என்னவோ."

"அதுக்குள்ள யாராவது ஒருத்தி அதுக்குத் தண்ணி வெச்சிருவா" என்றாள்.

பிறகு சட்டென்று எழுந்தாள். பலகையைத் துணியில் சுற்றி, என் கையில் திணித்து, என்னை வாசல் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ஏன்டி உக்காந்திருக்கே? கொண்டு போ. அடுத்த குழந்தை காத்துக்கிட்டிருக்கும்ல?"

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.